அளந்து சொல்லுங்கள், எமது மொழியில் சொல்லுங்கள்

'நிலத்தடி நீர்' என்ற சொல்லை இலங்கை முஸ்லிம் எவரும் இனி வெறும் விஞ்ஞானச் சொல்லாக வாசிக்க முடியாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. ஜனாஸாவை மண்ணில் வைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் அதே ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி முழு விசாரணைக்கு அனுமதிக்கப்படாமலேயே தள்ளுபடியாயின. பிறந்து இருபது நாளான பிள்ளை உட்பட எம்மவர் 276 பேர் எரிக்கப்பட்டனர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. பிறகு ஆறுதலாக நீரை அளந்தார்கள். வைரஸ் அதில் இருக்கவில்லை. 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது.

இந்த ஒழுங்கை வாசகர் கவனிக்க வேண்டும். முதலில் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்துத் தண்டனையை நிறைவேற்றினார்கள். எல்லாம் முடிந்த பிறகு நீரை அளந்தார்கள். அளப்பதற்குரிய ஆய்வுகூடங்களும் படித்த ஆட்களும் 2020இலும் இந்நாட்டில் இருந்தார்கள். முடிவெடுத்தவர்களுக்கு அளக்கத் தோன்றவில்லை. அளக்கச் செய்யும் பலம் எம்மிடம் இருக்கவில்லை.

ஆகவேதான், 'கடல், கிணறு, கதிர்வீச்சு எல்லாம் விஞ்ஞானிகளின் விடயம், இலக்கியவாதிக்கு அதில் என்ன வேலை?' என்று எம்மவர் சிலர் கேட்கும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை. இக்கட்டுரை அவர்களுக்கான பதில். கதிர்த்தொழிற்பாடு என்ற ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, நாவுக்கும் உறைக்காது. அளந்தவன் சொன்னாலொழிய இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. அளப்பவன் யார், அளக்கப்படுபவன் யார், அளவு யாருடைய பெட்டிக்குள் பூட்டப்படுகிறது என்ற மூன்று கேள்விகளும் இதில் வெளிச்சமாகத் தெரிவதுபோல் வேறெதிலும் தெரிவதில்லை.

முதலில் பசிபிக் சமுத்திரத்துக்குப் போய் வருவோம். மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் முதலாம் திகதி பிக்கினி பவளத்தீவில் வெடித்த 'பிராவோ' குண்டின் வலு 15 மெகாதொன். அதன் வெண்சாம்பல் ரொங்கெலாப் தீவின் மக்கள் மேல் விழுந்தது. டூனா பிடிக்க வந்திருந்த யப்பானியப் படகொன்றின் மேலும் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அந்த செப்டம்பரில் இறந்தார். யப்பானியத் துறைமுகங்களில் மீன்களைக் கருவி வைத்துப் பார்த்து, கருவி சத்தமிட்ட மீன்களைப் புதைத்தார்கள்.

ரொங்கெலாப் மக்களை அளக்காமல் விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே அளந்தார்கள். வைத்தியர்கள் ஆண்டுதோறும் வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போனார்கள். 1957இல் தீவு பாதுகாப்பானது என்று சொல்லித் திரும்பக் குடியேற்றினார்கள். 1985இல் அம்மக்கள் தாமாகவே, பசுமை அமைதி இயக்கத்தின் கப்பலில் ஏறி ஊரைவிட்டு வெளியேறினார்கள். பிக்கினி மக்களின் கதையும் இதுதான். 1968இல் திரும்பிப் போகலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். போனவர்கள் ஊர்த் தேங்காயை உண்டார்கள். பவளத்தீவின் மண்ணில் பொற்றாசியம் குறைவு. தென்னை அந்தக் குறையை நிரப்ப, இரசாயன இயல்பில் பொற்றாசியத்தை ஒத்த சீசியம்-137 சமதானியை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்தது. மக்களின் உடலில் சீசியம் ஏறியதைக் கண்டு 1978இல் அவர்களை மறுபடியும் கப்பலில் ஏற்றினார்கள். தென்னை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே எனிவெட்டொக் பவளத்தீவில் ரூனிட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1958இல் ஒரு குண்டு தோண்டிய குழிக்குள், 1977 முதல் 1980 வரை, சுற்றுத்தீவுகளிலிருந்து சுரண்டியெடுத்த கதிர்த்தொழிற்பாட்டு மண்ணைக் கொட்டினார்கள். மேலே சுமார் 46 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிறீற்றுக் குவிமாடம் போட்டார்கள். குழியின் அடியில் ஒன்றும் போடவில்லை. அடியில் இருப்பது துளைகள் நிறைந்த பவளப்பாறை. கடல் ஏறும்போது உள்ளே நீர் ஏறுகிறது, கடல் வற்றும்போது இறங்குகிறது. குவிமாடத்தைப் பார்வையிட்டு அதன் கீழுள்ள நீரைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றியது 2012இல். மூடி வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு. குவிமாடத்துக்குள் இருப்பதைவிடப் பன்மடங்கு புளுட்டோனியம் வெளியே வாவியின் அடிச்சேற்றில் கிடக்கிறது, ஆகவே குவிமாடம் கசிந்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்பது அந்த அறிக்கைகள் தரும் ஆறுதல். 'உன் வீடு ஏற்கனவே எரிந்துவிட்டது, ஆகவே இந்தத் தீப்பொறியால் புதிதாக நட்டமில்லை' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நட்டஈட்டையும் பாருங்கள். மார்ஷல் தீவினருக்காக அமைக்கப்பட்ட நியாயசபை இருநூறு கோடி டொலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. அதற்கென அமெரிக்கா ஒதுக்கிய நிதியோ 15 கோடி. 2014இல் அச்சிறு நாடு அணுவாயுத நாடுகள் ஒன்பதுக்கும் எதிராக ஹேக் சர்வதேச நீதிமன்றம் சென்றது. விசாரணைக்கு வந்த வழக்குகள் 2016இல், 'பிணக்கு' என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்ற காரணத்தால் தள்ளுபடியாயின.

'அது பசிபிக், இது இந்து சமுத்திரம்' என்று சொல்பவர் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டின் கூடங்குளமும் எமது கற்பிட்டியும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் உள்ளன. நடுவே மன்னார் வளைகுடா மட்டுமே. தூரம் சுமார் 225 கிலோமீற்றர். கண்டி நகருக்குக்கூட 330 கிலோமீற்றரளவுதான். சோளகம் வீசும் மாதங்களில் காற்று அங்கிருந்து இங்கு வருகிறது. அங்கே ஆளுக்கு ஆயிரம் மெகாவொற் கொள்ளளவுள்ள ரஷ்ய உலைகள் இரண்டு இயங்குகின்றன. முதலாவது 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் தொடர்தாக்க நிலையை அடைந்தன. மேலும் நான்கைக் கட்டுகிறார்கள். 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மீனவர்கள் இதற்கெதிராக நடத்திய போராட்டத்தை எல்லோரும் அறிவர். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2019 ஒக்டோபரில் அந்நிலையத்தின் கணினிக்குள் தீய நிரலொன்று புகுந்ததாகச் செய்தி வந்தது. முதல்நாள் மறுத்தார்கள், மறுநாள், நிருவாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினிக்குள் புகுந்தது உண்மை, உலையைத் தொடவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். உலைக்கு ஆபத்து நேரவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் முதல்நாள் மறுத்த வாயை இரண்டாம் நாள் எப்படி நம்புவது என்பதுதான் அயலவனின் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூடங்குளத்தால் எமது கடல் மாசடைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் சான்றில்லை. சான்றில்லாமல் சொல்பவரின் பக்கமும் நான் நிற்கமாட்டேன். நான் கேட்பது அளவை. எமது அணுசக்திச் சபை கரையோரத்தில் முன்னெச்சரிக்கை நிலையங்களை வைத்திருக்கிறது. அவை காற்றிலுள்ள காமாக் கதிர்வீச்சைப் பார்ப்பவை. பெருவிபத்து நடந்தால் மணி அடிக்கும். அது அவசியமான வேலைதான். ஆனால் ஒரு சாளை மீனின் தசையில் சீசியம் எத்தனை பெக்கரல், ஒரு கிணற்றின் நீரில் திரித்தியம் எத்தனை பெக்கரல் என்று அந்த மணி சொல்லாது. அதற்கு மீனைப் பிடித்து, உலர்த்தி, சாம்பலாக்கி, திரவ நைதரசனால் குளிரூட்டிய ஜேர்மானியம் உணரியில் மணிக்கணக்காக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த ஆய்வுகள் இந்நாட்டில் உண்டு. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலம் அறிந்த ஆய்வாளர்களின் மாநாடுகளில் வாசிக்கப்படுகின்றன. மன்னாரிலோ கற்பிட்டியிலோ ஒரு மீனவர் சங்கத்தின் சுவரில், ஒரு பள்ளிவாசலின் அறிவித்தல் பலகையில், 'இம்முறை உங்கள் மீனில் இவ்வளவு, அனுமதிக்கப்பட்ட எல்லை இவ்வளவு' என்று தமிழில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்க நான் கண்டதில்லை.

அந்தக் கரையில் வாழ்பவர் யார்? 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும்தான் ஒதுங்கினார்கள். அகதி முகாம் கிணற்றில் அள்ளிக் குடித்தே ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது. அந்தக் குடாநாட்டின் நீர் எப்படிப்பட்டது? மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் வில்லை. பவளத்தீவுகளின் அடியில் இருப்பதும் இதே வகையான வில்லைதான். மேலே எதைக் கொட்டினாலும் மணல் அதைத் தடுக்காது. வெங்காயத் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று அந்நீரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையைத் தாண்டிய கிணறுகள் உண்டென்று ஆய்வாளர் பல காலமாகச் சொல்லி வருகின்றனர். அதே குடாநாட்டில் நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. இன்று மூன்று அலகுகள், 900 மெகாவொற். நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. கரி எரிந்து போக, அவை சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பல் தோட்டங்களின் மேல் பறக்கிறதென்று ஊரார் முறையிடாத ஆண்டில்லை. போதாததற்குக் கொழும்பின் குப்பையையும் அருவக்காட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். துரத்தப்பட்டவன் போய் ஒதுங்கும் இடத்துக்கே கரியும் குப்பையும் பின்னால் வருகின்றன. அங்கே அளக்காமல் வேறெங்கே அளக்கப் போகிறோம்?

'அதெல்லாம் கரையோரத்தான் பாடு, மலைநாட்டில் இருக்கும் உமக்கென்ன?' என்று கேட்பவரும் உண்டு. அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் உண்ணப்படும் மீன் ஹந்தானை மலையில் விளைவதில்லை. பலயாவும் கெலவல்லாவும் நீர்கொழும்பிலிருந்தும் பேருவளையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் லொறியேறி வருகின்றன. கருவாடு மன்னாரிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் வருகிறது. சம்பலில் இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து வருகிறது. மீனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. 2011 மார்ச்சில் புக்குஷிமா உலைகள் உருகின. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கலிபோர்னியக் கரையில் பிடித்த டூனாக்களில் அந்தச் சீசியம் இருந்தது. பசிபிக்கையே நீந்திக் கடந்து கொண்டுபோயிருந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அந்த அளவு கிலோவுக்குப் பத்துப் பெக்கரல்தான், அம்மீனில் இயற்கையாக இருக்கும் பொற்றாசியத்தின் கதிர்வீச்சோ அதைப்போல் பல மடங்கு. அளந்ததால் அச்சம் பிறந்தது. அளந்ததாலேயே அந்த அச்சம் அடங்கவும் செய்தது. அளவையின் பயன் இரண்டு பக்கமும் வெட்டும்.

மலைநாட்டின் கிணறுகளுக்கும் இது வேற்று விடயமல்ல. இந்நாட்டின் பாறைகளில் தோரியம் இருப்பதை உலகுக்குக் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. கலைத் தத்துவம் எழுதுவதற்கு முன் அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளர்; பலாங்கொடைப் பகுதியில் 1904இல் அவர் கண்ட கறுப்புப் படிகக்கல்லுக்குத் 'தோரியனைற்று' என்று பெயராயிற்று. 1953இல் இரத்தினக்கல் மண்ணில் கிடைத்த 'எக்கனைற்று' என்ற பச்சைக்கல்லும் கதிர்வீச்சுடையதே. பேருவளைக் கடற்கரையின் மொனசைற்று மணலும் அவ்வாறானது. இரத்தினக்கல்லைக் கையில் உருட்டும் எமது வியாபாரிகளில் எத்தனை பேர் இதை அறிவர்? பாறையின் ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் குழாய்க்கிணறுகள் எமது ஊர்களில் பெருகிவிட்டன. குடிநீரில் அல்பாக் கதிர்த்தொழிற்பாடு லீற்றருக்கு அரைப் பெக்கரலைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. இயற்கையில் எவ்வளவு உண்டு என்ற அடிப்படைக் கணக்கு கையில் இருந்தால்தான், நாளை எவராவது எதையாவது கலந்தால் 'இவ்வளவு கூடியிருக்கிறது' என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியும். இல்லாவிட்டால் 'அது முன்பிருந்தே இருந்தது' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்.

அளக்காத இடத்தில் வதந்தி குடியேறும். இதைக் கண்டி முஸ்லிம்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளப்பிவிட்டு, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பார்த்துச் சொன்னார்: அது வெறும் மாக்கட்டி. ஒரு வாரத்தில் திகனையில் தீ எழுந்தது. அதற்கு உடனடிக் காரணம் வேறாக இருந்தாலும், மாத்திரைக் கதை அப்போது எல்லாத் தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் 1486 கொள்கலன்களோடு எரிந்தபோது, மீன் சாப்பிடலாமா கூடாதா என்று எவருக்கும் தெரியாமல் மக்கள் மீன் வாங்குவதையே விட்டார்கள். கடலுக்குப் போகாத பகுதி மீனவர்கூட விலை விழுந்து நொந்தனர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அதற்குள் நான்கு ஆண்டுகள் போய்விட்டன. அதே 2021 ஏப்ரலில், சீனாவுக்குப் போகும் யுரேனியம் ஹெக்சாபுளோரைட்டு ஏற்றிய கப்பலொன்று முறையாக அறிவிக்காமலேயே அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது, கண்டுபிடித்து வெளியேற்றினார்கள். நாளை மன்னார்க் கடலில் ஏதும் நடந்தால், 'முஸ்லிம் முதலாளி நஞ்சு மீன் விற்கிறான்' என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அன்று கையில் நீட்டிக் காட்ட எம்மிடம் என்ன தாள் இருக்கும்?

இனி எம்மவர் பக்கம் திரும்புகிறேன். இரண்டு தரப்பாரிடம் எனக்குச் சண்டை உண்டு.

முதல் தரப்பார் அணுவைக் கண்டு பெருமைப்படுவோர். 1998 மே 28இல் பாகிஸ்தான் சாகாய் மலையில் குண்டு வெடித்தபோது 'இஸ்லாமியக் குண்டு' என்ற சொல் எம்மவர் வாயிலும் புழங்கியது. குண்டுக்குக் கலிமா தெரியாது. 1960 பெப்ரவரி 13இல் பிரான்ஸ் தன் முதற் குண்டை எங்கே வெடித்தது? அல்ஜீரியச் சகாராவின் ரெக்கானில். விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 1966 வரை அந்த மணலில் 17 குண்டுகள். சோவியத் ஒன்றியம் தன் பரிசோதனைக் களத்தை எங்கே அமைத்தது? கஸகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க்கில். 1949 முதல் 1989 வரை 456 வெடிப்புகள். சாம்பல் விழுந்தது முஸ்லிம் இடையரின் மந்தை மேலும் கிணற்றின் மேலும்தான். பாலைவனம், தீவு, மலை என்று ஆளில்லாத இடம் பார்த்து வெடிக்கிறோம் என்பார்கள். அந்த இடங்களிலெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். சாகாய் மலையடிவாரத்துப் பலூச்சியரின் தண்ணீரைப் பற்றி எமது மேடைகளில் எவராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

இரண்டாம் தரப்பார் 'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், அளந்து என்ன ஆகப்போகிறது?' என்போர். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்து ஒரு தனி ஸூராவே இறங்கிய மார்க்கம் இது. ஷுஐப் நபியவர்களின் கூட்டத்தார் அழிந்தது எதற்காக என்று மதரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பித்ராக் கொடுக்கும் தானியத்துக்கே 'ஸாஉ' என்று அளவு வைத்திருக்கிறோம். அல்பிரூனி கற்களின் ஒப்படர்த்தியை அளந்தார்; அல்காஸினி 1121இல் தராசைப் பற்றியே 'மீஸானுல் ஹிக்மா' என்று பெருநூல் எழுதினார். அளப்பது தவக்குல்லுக்கு எதிரானதென்று அவர்கள் எண்ணவில்லை. அளவை மறைப்பதும் அளவைக் குறைப்பதும் ஒரே பாவத்தின் இரு கைகள் என்பதே என் எண்ணம். அரிசி வியாபாரி படியில் விரல் வைத்தால் கோபப்படும் நாம், ஓர் அரசு எமது கிணற்றின் கணக்கில் விரல் வைத்தால் ஏன் கோபப்படுவதில்லை?

இனி எழுத்தாளருக்கு என்ன வேலை என்ற கேள்வி. 1989 பெப்ரவரியில் கஸக் கவிஞர் ஒல்ஜஸ் சுலைமேனவ் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்க அழைக்கப்பட்டிருந்தார். நேரலையில் அமர்ந்து கவிதையை ஒரு பக்கம் வைத்தார். செமிபலாத்தின்ஸ்க் நிலத்தடி வெடிப்புகளிலிருந்து கதிர்வீச்சு வெளியே கசிந்ததை அறிவித்து, களத்தை மூடக் கோரும் கூற்றொன்றை வாசித்தார். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அவரோடு சேர்ந்தனர். நெவாடா-செமிபலாத்தின்ஸ்க் இயக்கம் பிறந்தது. 1991 ஓகஸ்ட் 29இல் அந்தக் களம் மூடப்பட்டது. அணுப் பரிசோதனைக்கெதிரான சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை அனுட்டிப்பது அந்தத் திகதியைத்தான். அவர் விஞ்ஞானத்தை விஞ்ஞானிகளிடமே விட்டிருந்தால்?

எமது கடற்கவிதைகளை எடுத்துப் பாருங்கள். கடல் காதலியாகிறது, தாயாகிறது, அகதியின் கண்ணீராகிறது. மீன் ஒரு படிமம், படகு ஒரு படிமம். கடலை மீன் வாழும் நீராக எழுதியவர்கள் மிகச் சிலர். கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது உலகத்தின் சேதிகளை எமது மக்களின் மொழியில் கொடுத்தார். இலக்கியமும் அறிவூட்டலும் அவருக்கு இரண்டு கடைகளாக இருக்கவில்லை. கதிர்த்தொழிற்பாடு, அரைவாழ்வுக்காலம், சமதானி என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் எமது பாடநூலில் இருக்கின்றன. வகுப்பில் இவற்றைக் கற்பிக்கும்போது பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். சீசியத்தின் அரைவாழ்வுக்காலம் 30 ஆண்டுகள், திரித்தியத்தினது 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்பதைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். பாடசாலையைவிட்டு வெளியேறிய பின் அச்சொற்களை அவர்கள் எந்தப் பத்திரிகையிலும் எந்தச் சஞ்சிகையிலும் சந்திப்பதில்லை. அதற்குப் பொறுப்பு விஞ்ஞானிகளா, நாமா?

ஆகவே என் கோரிக்கைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

அரசிடம்: தலைமன்னார், சிலாவத்துறை, கற்பிட்டி, புத்தளம் வாவி ஆகிய இடங்களில் சோளகத்துக்கு முன்னும் பின்னும் மீன், இறால், கடற்பாசி, அடிச்சேறு ஆகியவற்றை எடுத்து அளக்க வேண்டும். நுரைச்சோலைச் சுற்றாடலின் கிணறுகளையும் அவ்வாறே அளக்க வேண்டும். முடிவைப் பெக்கரலில், பாதுகாப்பு எல்லையோடு பக்கத்தில் வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். தாள் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் மீனவர் சங்கத்திலும் ஒட்டப்பட வேண்டும். 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கதிர்வீச்சுப் பாதுகாப்பும் சுற்றாடற் பாதுகாப்பும் அதில் அடக்கம். கூடங்குளத்தின் கடல்நீர் அளவுகளை அந்த உடன்படிக்கையின் கீழ் கேட்டு வாங்கி அவற்றையும் ஒட்ட வேண்டும். இலங்கையிலும் அணுமின் நிலையம் கட்டும் பேச்சு நடக்கிறது. கட்டுவதா விடுவதா என்ற விவாதத்துக்கு முன், இன்றைய கடலின் கணக்கு எழுதி வைக்கப்பட வேண்டும்.

எம்மவரிடம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. அணுசக்திச் சபைக்கும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அணுசக்தி ஒழுங்குறுத்தல் பேரவைக்கும், மீன்பிடித் திணைக்களத்துக்கும் மூன்று கடிதங்கள். 'கடந்த ஐந்து ஆண்டுகளில் வடமேற்குக் கரையில் எந்தெந்த மீனில், எந்தெந்தக் கிணற்றில், எந்தெந்தச் சமதானியை அளந்தீர்கள்? எவ்வளவு இருந்தது?' இரண்டே கேள்விகள். கவியரங்குக்குச் செலவிடும் மண்டப வாடகையில் நூறு கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வரும் பதிலைத் தமிழாக்கி இதுபோன்ற சஞ்சிகைகள் அச்சிடட்டும். 'இல்லை' என்று பதில் வந்தால் அதையும் அச்சிடட்டும். 'அளந்தோம், அச்சப்பட ஒன்றுமில்லை' என்று இலக்கங்களோடு வந்தால் அதை முதற் பக்கத்திலேயே அச்சிடட்டும். அந்தத் தாள் கற்பிட்டி மீனவனின் வலையைப் போல அவனுடைய சொத்து.

ஒரு சமூகத்தின் ஜனாஸாக்களை அளக்காத நீரின் பெயரால் எரித்த நாடு இது. அடுத்த முறை நீரைப் பற்றி எவராவது வாய் திறக்கும்போது, எமது பக்கத்திலும் ஓர் அளவு எழுதப்பட்டு, திகதியிடப்பட்டு, ஒப்பமிடப்பட்டு இருக்க வேண்டும். முதல் மூன்று கடிதங்களை நான் எழுதிவிட்டேன். மற்றவர்களின் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.